சாம்பலுக்குப் போன சுருள்

பழைய சினிமாப் படங்களைத் தேடிக் காப்பாற்றும் சுபத்திரா நாளைக்குக் கொழும்பிலிருந்து வருகிறாள். இன்றைக்கு நிறஞ்சலா அலுமாரியைத் திறந்தாள். தகரப்பெட்டியைக் காணவில்லை.

பெட்டிக்குள் இருந்தது, அவளுடைய அப்பாவின் சித்தப்பா நூறு வருடங்களுக்கு முன் எடுத்த ஊமைப்படம். காதல் கதை. அவர் எடுத்ததே அந்த ஒன்றுதான். அதிலும் மிஞ்சியது, சுபத்திரா தேடி வரும் இந்த ஒரு சுருள். படத்தில் முத்தக் காட்சி வைத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் அவர் வாசலை மிதிக்கவில்லை, பேரையும் வாயால் எடுக்கவில்லை. நிறஞ்சலா மட்டும் பெரிய வீராங்கனையா? புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் பழைய குருத்தோலைச் சிலுவைகளுக்கு அடியில் பெட்டியை ஒளித்து வைத்தவள்தானே.

“ஓலையெல்லாம் சாம்பலுக்கு எரிக்கக் கோயிலுக்குக் குடுத்திட்டன் மச்சாள். நாளைக்கு விபூதிப் புதனெல்லோ,” என்றாள் கணவனின் அக்கா மாக்கிறட். “பெட்டிக்குள்ள மாதா படம் சுருட்டிக் கிடந்தது. முக்காடு போட்ட மாதா. வீட்டில கிடந்து பழுதாப் போகக்கூடாதெண்டு அதையும் குடுத்தன்.”

அது மாதா இல்லை, காதலனுக்காகக் கடற்கரையில் காத்து நிற்கும் கதாநாயகி. அதை விளங்கப்படுத்த நேரமில்லை. நிறஞ்சலா சைக்கிளை எடுத்தாள். அந்தக் காலத்துச் சுருள் சூடு பட்டாலே பற்றும், பற்றினால் தண்ணீருக்கும் அணையாது என்று சுபத்திரா போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கோயில் வேலை பார்க்கும் கிறகரி அண்ணை அதை நெருப்பில் போட்டால் படம் மட்டுமா போகும்? வங்காலைக் கோயில் வளவில் புகை எழும்புவது தூரத்திலேயே தெரிந்தது. என் வெட்கத்தால் ஒரு மனிதன் வெந்து போகப் போகிறானே என்று அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

கிறகரி கம்பால் சாம்பலைக் கிளறிக்கொண்டு நின்றார். முழுசாகத்தான் நின்றார்.

“அண்ணை, அந்தப் பெட்டி?”

“கிணத்தடியில கிடக்கு, எடுங்கோ.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மாதா எண்டுதான் நானும் நினைச்சன். கொஞ்சம் இழுத்துப் பார்த்தா ரெண்டு பேர் கொஞ்சுகினம். நாளைக்கு நெத்தியில பூசுற சாம்பல், அதுக்குள்ள இதைப் போடேலுமே?”

நிறஞ்சலா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். படம் எடுத்த மனிதரைத் தனிமரமாக்கிய முத்தம், இன்றைக்கு அவர் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

“ஆர், பிள்ளை, உந்தப் படத்தை எடுத்தது?” என்று கேட்டார் கிறகரி.

வளவில் ஓலை கொண்டுவந்த சனம் நின்றது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“என்ர அப்பான்ர சித்தப்பா, அண்ணை.”