நாணல் காட்டுக்கு அண்டா தூக்கிப்போனவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிசிசிப்பிக் கரையில் இருக்கும் எங்கள் சர்ச்சின் பின்பக்கம் ஓர் இரும்பு அண்டா கிடக்கிறது. அடிமைக் காலத்தில் தோட்டத் துரைக்குத் தெரியாமல் ஜெபம் செய்த கறுப்பின மக்கள், அண்டாவைக் கவிழ்த்து வைத்தால் அது சத்தத்தை விழுங்கிவிடும் என்று நம்பினார்கள். போன ஞாயிறு அதைத் தொட்டுப் பார்த்தேன். பயமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

'மிசிசிப்பிக் கரையில் விடுதலையின் பொற்கதிர்...' சீ, மேடைப் பேச்சு. அடித்துவிட்டேன்.

1863. அமெரிக்க உள்நாட்டுப் போர். அடிமைகளை விடுவிக்கும் வடக்குப் படை ஆற்றோரம் வந்துவிட்டது. அதனிடம் போய்ச் சேர்ந்தால் விடுதலை. அதற்குள் அடிமைகளை அந்தப் படை எட்டாத டெக்சாஸுக்கு ஓட்டிப்போகப் பார்க்கிறார் துரை. லவீனியாவும் புருஷன் ஐசமும் கைக்குழந்தையோடு தப்பி, நாணல் காட்டில் பதுங்கியிருக்கிறார்கள். அவள் தலையில் அண்டா.

(இந்தக் கனத்தை யாராவது தூக்குவார்களா? எனக்கும் சந்தேகம்தான். அண்டாவை எடுத்துவிட்டு எழுதினேன். அவள் ஓரடி நகர மறுத்துவிட்டாள்.)

3

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? திங்க ஒண்ணுமில்ல, அண்டாவத் தூக்கிட்டு வந்திருக்க!"

"பாப்பா அழுதா உன் வாயையா கவுத்து வைக்கிறது?"

"என் வாயி அம்புட்டுப் பெருசாடி?"

"துரை முன்னாடி மட்டும் சின்னது."

ஐசம் சிரித்தான். அப்போது குளம்புச் சத்தம் கேட்டது. பாப்பா வீறிட்டது. லவீனியா பதறிப்போய் அண்டாவைக் கவிழ்த்தாள். அழுகை கொஞ்சமும் குறையவில்லை. ஜெபக்கூட்டம் எப்போதும் காட்டுக்குள் வெகுதூரத்தில் நடக்கும். அதனால்தான் யார் காதிலும் விழவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாப்பாவின் வாயைக் கையால் பொத்தினாள்.

4

"யாரு அங்க? பயப்படாதீங்க, நாங்க வடக்குப் பட்டாளம். வெளிய வாங்க!"

நாணல் இடுக்கில் வடக்குப் படையின் நீலக் கோட்டு. ஐசம் எழுந்தான். லவீனியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாத மச்சான். துரை ஆளுங்க செத்த பட்டாளத்தான் கோட்டக் கழட்டிப் போட்டுக்கிட்டு வர்றானுங்க. தப்பி ஓடுன ஹெஸ்டரக்கா அப்படித்தான் மாட்டுனா."

"நெசமாவே அவுங்களா இருந்தா?"

முதல் முடிவு: நிஜப் பட்டாளம், ரொட்டி, கண்ணீர். எழுதினேன், என் கையே நம்பவில்லை.

இரண்டாவது: குதிரைகள் போய்விடுகின்றன. லவீனியா கையை எடுக்கிறாள், பாப்பா...

இல்லை. மாட்டேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அவள் கை இன்னும் அந்தச் சின்ன வாய்மேல்தான் இருக்கிறது. குதிரைகள் நகரவில்லை. வெளியே போகச் சொல்லவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். பாப்பா மூச்சுவிட வேண்டும்.