ஒரு மூடி பினாயில்

மிச்சச்சோற்று வாளியைச் சமையல்கார அக்கா இடது கையால்தான் தூக்குவாள். வலது கை சமைக்கவும் கும்பிடவும் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். வாளிக்குள் பார்க்க மாட்டாள், பார்க்காமலும் தெரியும். பல்லில்லாத வாய்கள் சப்பித் துப்பிய கவளங்கள், கஞ்சியில் ஊறிப் பிளந்த மாத்திரைகள், யாரோ சளி துடைத்துப் போட்ட காகிதம். மூக்கைப் பிடித்துக்கொண்டால் நாற்றம் வாய்வழியே இறங்கும்.

முதியோர் இல்லத்தின் கொல்லையில் இருந்தது அந்தக் குழி. அதைக் கவனித்துக்கொள்ளும் மனிதரை எல்லோரும் குழிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் வாளியை வாங்கி, வெறுங்கையால் காகிதத்தையும் எலும்பையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைத் தண்ணீரோடு பிசைந்து குழியின் வாய்க்குள் ஊற்றுவார். குழிக்குள் கூழின்மேல் ஓர் இரும்புத் தொட்டி கவிழ்ந்து மிதக்கும். கீழே வாயு சேரச் சேர அது எழும்பும். அங்கிருந்து ஒரு குழாய் அவளுடைய அடுப்புக்கு வந்தது.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடி கோடியா இருக்குக்கா. நீங்க போடுறத தின்னுட்டு அதுங்க விடுற ஏப்பம்தான் உங்க அடுப்புல எரியுது" என்பார்.

"வாயைக் கழுவுங்கண்ணே! கடவுளை நெனச்சுப் பத்த வைக்கிற அடுப்பு அது."

அந்த ஏப்பம் வந்த பிறகுதான் பெரியவர்கள் எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் கிடைத்தது. கழித்த கூழ் தோட்டத்துக்குப் போனது, காய்கள் கொழுத்தன. அவளும் மறுக்கவில்லை. ஆனாலும் தீக்குச்சியைக் கிழிக்கும்போதெல்லாம் அந்தச் சப்பிய கவளங்கள் கண்முன் வந்து நின்றன. ஒருநாள், அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துக் குழியின் வாயில் ஒரு மூடி பினாயிலை ஊற்றினாள். கழிவறைக்கும் சாக்கடைக்கும் ஊற்றுவதுதானே? மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தினமும் ஊற்றினாள். கெடுதல் செய்கிறோம் என்ற நினைப்பு எள்ளளவும் இல்லை.

நாளாக நாளாகத் தீ இளைத்தது. மஞ்சளாகித் துடித்தது. ஒரு காலை பற்றவே இல்லை. தொட்டி கூழுக்குள் அடிவரை அமிழ்ந்து கிடந்தது.

மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு கொல்லைக்கு வந்து குழிக்காரரிடம் சொன்னார். "பெரியவங்க பச்சத்தண்ணில நடுங்கிக்கிட்டுக் குளிக்கிறாங்க. நாளைக்கு மண்ணைக் கொட்டி மூடச் சொல்லிட்டேன். நீங்க வேற வேலை தேடிக்குங்க."

குழிக்காரர் மண்டியிட்டார். குழியின் வாயிலிருந்து ஒரு கை கூழை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. சமையலறை ஜன்னலில் இருந்த பினாயில் பாட்டிலைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அவளைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோடி உயிர்கள். தினமும் ஒரு மூடி.

"தப்பு என் மேலதான் சார். நான் பாத்துப் போட்டிருக்கணும்" என்றார் அவர்.

மேனேஜர் போன பின், "எதுக்குண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"விடுங்கக்கா. வந்த நாள்லேருந்து கேக்காமலே எனக்குச் சோறு வச்ச கை. அதைப் போய்க் காட்டிக் குடுப்பேனா?"

அவர் குழாயடிக்குப் போய்விட்டார். அவள் பின்சுவரைப் பார்த்தபடி நின்றாள். அங்கே நசுங்கிய தட்டு ஒன்று கவிழ்ந்திருந்தது. அதில்தான் அவருக்குச் சோறு. கைபடாமல் தள்ளி வைத்துவிட்டு, வாசலில் நின்றே "சோறு இருக்கு" என்று கத்துவாள். அந்தத் தட்டு ஒருநாளும் சமையலறைக்குள் வந்ததில்லை. மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவப்பட்டதில்லை. அதைத்தான் இந்த மனிதர் அன்பு என்று எண்ணித் தின்றிருக்கிறார். அவளுக்குக் குமட்டியது. இந்த முறை நாற்றம் குழியிலிருந்து வரவில்லை.

கால்கள் தாமாகவே மேனேஜர் அறைக்குப் போயின.

"சார், அவர் மேல தப்பில்ல. பினாயில் ஊத்துனது நான். தினமும்."

"பினாயிலா? எதுக்கும்மா?"

"அருவருப்பா இருந்துச்சு சார்."

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நல்ல கூத்து! சரி, மண் லாரியை நிறுத்தி வைக்கிறேன். இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள அடுப்பு எரியலேன்னா குழியும் இல்ல, அவரும் இல்ல."

குழிக்காரர் கெட்ட கூழை வாளி வாளியாக இறைத்து, தோட்டத்தில் படாமல் தனியாகப் பள்ளம் தோண்டிப் புதைத்தார். பால்காரர் வீட்டு மாட்டுக்கொட்டிலிலிருந்து புது உயிர்களுக்காகச் சாணம் கொண்டுவந்து குழியோரம் குவித்துத் தண்ணீர் ஊற்றினார். அதைக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும், கோலால் ஆகாது. அவள் ஒரு கணம் கண்ணை மூடிக் கடவுளை நினைத்தாள். வலது கையை முழங்கைவரை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பு. விரலிடுக்கில் ஒரு புழு நெளிந்தது. ஓடிப்போய்ச் சுவரடியில் வாந்தி எடுத்தாள்.

"உள்ள போங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"பேசாம வேலையைப் பாருங்கண்ணே. உங்க பக்கம் இன்னும் கட்டி கட்டியா கெடக்கு" என்று வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அன்று மதியம் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். சோப்பு தீரத் தீரத் தேய்த்தும் அவள் விரல்களில் வாடை போகவில்லை.

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் தட்டு எங்கக்கா?"

"ஓட்டை விழுந்துருச்சு" என்றாள், வேறெங்கோ பார்த்தபடி.

மாதம் தேய்ந்துகொண்டே போனது. தொட்டி அசையவில்லை. ஒரு காலை, சாமிவிளக்கு ஏற்றிய தீப்பெட்டியும் கும்பிட்ட கையுமாகக் கொல்லைக்கு வந்தவள் நின்றுவிட்டாள். கூழின் மட்டத்துக்கு மேலே, தொட்டியின் துருப்பிடித்த விளிம்பைச் சுற்றி, விரலளவு ஈரப்பட்டை வெயிலில் மின்னியது. தொட்டி எழும்பியிருந்தது.

"மொதல்ல வர்றது எரியாதுக்கா. தெறந்து விட்டுடணும். அடுத்தாப்புல வர்றதப் பாப்போம்" என்று குழிக்காரர் குழாயைத் திருகினார்.

சீறிக்கொண்டு வந்தது. அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. தோள்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. ஈரப்பட்டை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி மறைந்தது. கூழின்மேல் ஒரு குமிழி எழுந்து வெடித்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அவள் மற்றொரு கையில் தீப்பெட்டியை இறுகப் பிடித்தபடி, அடுத்த குமிழிக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.