முப்பத்திரண்டு பேர்

சாப்பாட்டு மேசை உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் வாசற்படியில் சிக்கிக்கொண்டு நின்றது. அக்காவைக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டும்.

"சாய்ச்சுப் பிடிடா, கால் இடிக்குது," என்றார் சித்தப்பா.

தம்பி சாய்த்தான். விரிப்பு நழுவி விழுந்தது. மரப்பலகை முழுக்கப் பென்சில் கட்டங்கள். நடுவில் உயரமாக எழும்பி, இரண்டு ஓரத்திலும் குட்டையாக இறங்கின. அட்டைகளை அடுக்கிப் பார்க்க அக்கா போட்டவை.

அவன் வண்டி மெக்கானிக். பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அக்காவோ கல்வியியல் கல்லூரியில் ஆய்வாளர். தேர்வில் தோற்ற பிள்ளைகள் தேர்வைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. பிள்ளைகளிடம் கொண்டுபோகும் முன் அந்த முப்பத்தாறு அட்டைகளையும் இவனிடம்தான் நீட்டினாள். ஒவ்வொன்றிலும் தேர்வைப் பற்றி ஒரு வாக்கியம்.

"எல்லாத்துக்கும் ஆமான்னுதான்க்கா தோணுது."

"அப்படியெல்லாம் தப்பிக்க முடியாதுடா. ரெண்டு கடைசி ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு அட்டைக்குத்தான் இடம். மனசுக்கு எது ரொம்ப ஒட்டுது, எது ஒட்டவே இல்லைன்னு நீயே அடுக்கு."

ஒரு மணி நேரம் திண்டாடி அடுக்கினான். பிறகு அவள் விளக்கினாள். "யார் அடுக்கு யாரோட ஒத்துப்போகுதுன்னு காரணிப் பகுப்பாய்வுங்கற கணக்கு காட்டிக்கொடுத்துடும். மத்தவங்க கேள்விகளைக் கூறு கட்டுவாங்க. நான் ஆளுங்களைக் கூறு கட்டுறேன், அவ்வளவுதான்."

முப்பத்திரண்டு பிள்ளைகள் அடுக்கினார்கள். மூன்று பார்வைகள் வெளிவந்தன. பயம் என்றது ஒரு கூட்டம். உழைத்தால் தாண்டலாம் என்றது இன்னொன்று. மூன்றாவதில் நாலே பேர். 'எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதே இல்லை' என்ற அட்டையை அந்த நாலு பேரும் மனசுக்கு ரொம்ப ஒட்டுகிற கடைசி ஓரத்தில் வைத்திருந்தார்கள். அன்று அக்கா இரண்டு தோசைக்கல் அளவுக்கு முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தாள்.

துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "நாலு பேருக்காக ஒரு அத்தியாயமாம்மா? எடுத்துடுங்க."

"தலையை எண்ண இது தேர்தல் இல்ல சார். எத்தனை பேர்ங்கறது முக்கியமில்ல, எப்படிப் பாக்கறாங்கங்கறதுதான் முக்கியம்."

அடுத்த வாரமே அவளைப் பழைய விடைத்தாள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு வருடம். நேற்று மதியம் அந்த அறை மேசையிலேயே மாரடைப்பு. விளக்கை அணைக்கப் போன துப்புரவு அம்மா மாலையில்தான் பார்த்தார்.

ஒருவழியாக மேசை வெளியே போனது. அக்காவைக் கிடத்தினார்கள். பத்து மணி வாக்கில் கார் வந்து நின்றது. துறைத் தலைவர் மலர்வளையத்தோடு இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்து பளபளவென்று ஒரு புத்தகத்தை எடுத்து அக்காவின் காலடியில் வைத்தார்.

"போன வாரம்தான் அச்சாகி வந்துச்சு. அவங்க உழைப்பு. முதல் பக்கத்துலயே நன்றி சொல்லியிருக்கோம்."

அம்மா கைகூப்பினாள். தம்பி புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். இரண்டு பார்வைகள். மூன்றாவதைக் காணோம். முன்பக்கம் திருப்பினான். 'பங்கேற்ற மாணவர்கள்: இருபத்தெட்டு.'

புத்தகத்தோடு தலைவர் முன்னால் போய் நின்றான்.

"சார், முப்பத்திரண்டு பேர்."

"என்ன தம்பி?"

"பசங்க. முப்பத்திரண்டு பேர். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் அக்காவ என் வண்டியில நான்தான் கூட்டிட்டுப் போனேன். பார்வையைத்தான் தூக்கினீங்க, சரி. ஆளையுமா தூக்குவீங்க?"

"அது புள்ளிவிவரப்படி சில திருத்தம்... உங்களுக்குப் புரியாது. துக்க வீட்டுல இதெல்லாம் எதுக்கு?"

"துக்க வீட்டுக்கு இதைத் தூக்கிட்டு வந்தது நீங்கதான் சார்."

"டேய், பெரியவங்ககிட்ட..." என்று சித்தப்பா தோளைத் தொட்டார். அவன் உதறினான்.

"வந்ததே இல்லைன்னு எழுதிட்டீங்களே. அந்த நாலு பேரும் மதியச் சோத்தை விட்டுட்டு உக்காந்து அடுக்கினாங்க. ஒருத்தி நடுவுல அழுதுட்டு மறுபடி அடுக்கினா. தெரிஞ்சதை யாரும் கேக்கலைன்னு சொன்னதுக்கு, நீ சொல்லவே இல்லைன்னு பதிலா?"

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். வளையத்தைக் கொஞ்சம் நேராக வைத்தார். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். யாரும் வழியனுப்பப் போகவில்லை.

தம்பி சித்தப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினான். சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, இருபத்தெட்டை அடித்து முப்பத்திரண்டு என்று எழுதினான். கிரீஸ் ஏறிய விரல்களால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த வெற்றிடத்தில் அந்த நாலு பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தான். மூன்று வந்தன. நான்காவது பெயர் நாக்கு நுனியில் நின்றது, இறங்கவில்லை. அழுத பெண்ணின் பெயர்.

"அக்கா, அந்தப் பொண்ணு பேரு..." என்று தலையைத் திருப்பினான்.

பேனா தாளிலேயே நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.