மூன்றாவது நிறுத்தத்தில் ஏறும் மாமா

எனக்குத் திருடர்களைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை முடிவதற்குள் 'இதில் யாரப்பா திருடன்' என்று யாராவது கேட்டால் நான்தான் கையைத் தூக்க வேண்டியிருக்கும்.

நானும் அக்காவும் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிறவர்கள். அவள் படம் வரைவாள், நான் புரோகிராம் எழுதுவேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு சக்கரம் கழன்ற நாற்காலி. எங்கள் முதல் விளையாட்டு வெளிவந்த அன்றே அதன் பூட்டை உடைத்து எவனோ இணையத்தில் ஓசியில் போட்டுவிட்டான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அதன் கீழே ஒருத்தன் 'ஓசிதானே என்று எடுத்தேன், கொஞ்சம் போர்' என்று எழுதியிருந்தான். தானமாக வந்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவன் திருடிக்கொண்டு போன மாட்டுக்குப் பல் சரியில்லை என்கிறான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது விளையாட்டு, பஸ் ஓட்டுவது. ஒரு சின்ன ஊர், இருபது நிறுத்தம், ஏறி இறங்கும் ஜனங்கள். அவ்வளவுதான். ஆனால் அக்கா அதில் நான்கு வருஷத்தைக் கொட்டியிருந்தாள். ஒவ்வொரு பயணியின் செருப்பும் வேறு வேறு. ஒரு கடையின் ஷட்டரில் இருக்கும் நசுங்கலுக்காக ஒரு வாரம் உட்கார்ந்தாள். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, சாப்பிட்டுக் கை கழுவும்போது, இதுவும் போனால் ரூமைக் காலி பண்ணிவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னாள். அக்கா சாதாரணமாகச் சொல்வது எல்லாமே முடிவு செய்தது என்று எனக்குத் தெரியும்.

வெளியீட்டுக் கம்பெனியின் மேடம் ஒரே பிடியாக நின்றாள்: பூட்டு வேண்டும். இது வேறொரு கம்பெனி விற்கும் மென்பொருள். விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம், 'இந்த ஆள் காசு கொடுத்தவனா' என்று இணையம் வழியாகத் தன் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால்தான் உள்ளே விடும். அதன் பாரம் தாங்காமல் பழைய மெஷின்களில் விளையாட்டின் பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் விக்கியது. காசு கொடுத்தவனை எதற்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட வேண்டும் என்று அக்கா சண்டை போட்டாள். முதல் வாரத்தில் விற்காவிட்டால் எப்போதும் விற்காது என்றாள் மேடம். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான், அதனால் சண்டை முடியவே இல்லை. கடைசியில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஜெயித்தது.

நான் மூன்றாவது கட்சி. திருடனுக்கு ஏன் கதவைச் சாத்த வேண்டும்? உள்ளே விட்டு வாட்ட வேண்டும். 'ஒரு சின்ன ஏற்பாடு' என்று மட்டும் இருவரிடமும் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினேன். வாட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. ஆள் வீட்டிலேயே இருந்தார்.

அக்காவின் கணவர், அதாவது மாமா, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். காலையில் அக்கா கார் ஓட்டுவாள், பக்கத்தில் மாமா, பின்னால் நான். அவரை டிப்போவில் இறக்கிவிட்டு நாங்கள் அறைக்குப் போவோம். மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாதவருக்குத்தானே யோசனை அதிகம். பிரேக்கைப் பிடி, இவ்வளவு ஒட்டிப் போகாதே, அந்த சைக்கிள் திரும்பும் பார், நான் ஒன்றும் சொல்லவில்லையம்மா, சொன்னால் கோபம் வரும். இப்படி இருபது நிமிஷம் நிறுத்தாமல் வரும். மூன்று வாரம் போனைச் சட்டைப் பையில் வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் குரலைத் திருத்திக்கொண்டு வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா வரைந்து ஒதுக்கி வைத்திருந்த, குடை வைத்த வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் சும்மா கிடந்தார். அவருக்கு மாமாவின் குரலைப் பொருத்தினேன். திருட்டுப் பிரதியில் மூன்றாவது நிறுத்தத்தில் அவர் டிக்கெட் எடுக்காமல் ஏறுவார். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருவார். இறங்கவே மாட்டார். கதவைத் திறந்தால் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு மறுபடி ஆரம்பிப்பார். ஓசியில் வந்தவனுக்கு ஓசியில் வந்த ஆளே துணை என்று நினைத்து, என் சாமர்த்தியத்தை மெச்சித் தனியாகச் சிரித்தேன்.

வெளியீட்டு நாள் காலை பத்து மணிக்கு விற்பனை தொடங்கியது. பத்தேகாலுக்குப் பூட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது.

இங்கேதான் என் மகா தவறு. பூட்டுக்கு என்ன பதில் வந்தாலும் ஆளை உள்ளே விட்டுவிடுவது, 'ஆமாம்' என்று வந்தால் நல்லவன், மற்ற எதுவானாலும் திருடன் என்று எழுதியிருந்தேன். பதிலே வராமல் போகலாம் என்பது என் கோபத்துக்குத் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேரின் பஸ்ஸிலும் மூன்றாவது நிறுத்தத்தில் மாமா ஏறிவிட்டார். அதே சமயம், மதியத்துக்குள் எவனோ பூட்டை உடைத்தான். உடைத்தவன் அந்தக் கேள்வி கேட்கும் பகுதியையே வேரோடு பிடுங்கிப் போட்டான். அதோடு மாமா ஏறும் வழியும் போயிற்று. விக்கலும் நின்றது. திருடர்கள் வழுவழுவென்று பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

யார் இந்த ஆள் என்று புகார்கள் குவிந்தன. அக்கா தானே ஒரு பிரதி வாங்கித் திறந்தாள். மூன்றாவது நிறுத்தம். குடையோடு ஒருவர் ஏறி உட்கார்ந்தார். "பாத்துப் போம்மா, என்ன அவசரம்," என்றார். நான் மேசைக்கு அடியில் போவதற்கு இடம் பார்த்தேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அந்த சக்கரம் கழன்ற நாற்காலி அவளைக் கீழே கொட்டும் வரை சிரித்தாள். தரையில் உட்கார்ந்தபடியே, நான்கு வருஷ உழைப்பை நாசம் பண்ணிவிட்டாயே பாவி என்று என்னைச் செருப்பால் அடித்தாள். அடித்துக்கொண்டே மறுபடி சிரித்தாள்.

அப்போதுதான் மாமா ஷிப்ட் முடிந்து, சீருடையோடு, அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். திரையில் வழுக்கைத் தலை அவர் குரலில் சைக்கிளைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்தது. நின்று முழுவதும் கேட்டார். அந்த ஆசாமியின் தலைக்கு மேலே நான் எழுதியிருந்ததையும் படித்தார். டப்பாவை மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் ஜனங்கள் அவர் மேல் பைத்தியமாகிவிட்டார்கள். அவரிடம் திட்டு வாங்காமல் எத்தனை நிறுத்தம் போக முடியும் என்று போட்டி வைத்தார்கள். ஒருத்தி ஒன்பது நிறுத்தம் தப்பே இல்லாமல் ஓட்டியபோது அவர், "பரவால்ல, சுமாரா ஓட்டுற," என்றாராம். நான் பதிவு செய்த மூன்று வாரத்தில், அக்கா ஏதோ ஒரு காலையில் குழி எதிலும் விடாமல் ஓட்டியதற்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அந்த ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கான பேர் பிரேக்கைப் பஞ்சு மாதிரி மிதித்துப் பழகினார்கள். திருட்டுப் பிரதிக்காரர்கள், 'எங்கள் பஸ்ஸில் அந்த மனுஷர் ஏறவில்லையே, என்ன செய்வது' என்று வெட்கமில்லாமல் கேட்டார்கள். வாங்கிப் பார் என்று பதில் வந்தது. வாங்கினார்கள்! பூட்டால் ஆகாத காரியத்தை மாமாவின் வாய் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் பூட்டுக் கம்பெனி தன் கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைத்தது. எல்லாருக்கும் 'ஆமாம்' என்று ஒழுங்காகப் பதில் போயிற்று. பஸ்ஸிலிருந்து மாமா காணாமல் போனார். அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. எங்கள் ஆளைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கொடு என்று கூச்சல். மேடம் போன் செய்தாள். பூட்டைக் கழற்றி எறிந்துவிடலாம், அந்த ஆளை எல்லாருக்கும் ஏற்றிவிடு, சனிக்கிழமைக்குள் அந்தக் குரலுக்கு உரியவரின் கையெழுத்து மட்டும் வேண்டும், அது இல்லையென்றால் அவரை அடியோடு நீக்க வேண்டும் என்றாள். நீக்கினால் விளையாட்டு செத்தது. அக்காவின் நான்கு வருஷம் மாமாவின் பேனா முனையில் நின்றது.

மாமாவோ பேசவில்லை. காலையில் காரில் ஏறுவார், பெல்ட் போடுவார், நேரே பார்ப்பார். நான் பின்னால் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீட்டத் தைரியம் வராது. மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினார்.

மூன்றாம் நாள் அக்கா டிப்போ திருப்பத்தைத் தவறவிட்டாள். ரவுண்டானாவைச் சுற்றி வந்தாள், மறுபடி தவறவிட்டாள். பதினோரு வருஷமாக, "இப்பத் திரும்பு" என்ற குரலுக்குத் திரும்பிப் பழகிய கை. நான்காவது சுற்றில், அங்கே நின்ற போக்குவரத்துக் காவலர் எங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

மாமா டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "இண்டிகேட்டர் போடாம நிறுத்தியிருக்க," என்றார்.

அக்கா அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாமா பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நான் தொணதொணக்கிறது எனக்கே தெரியும். ஊரே கேட்டுச் சிரிக்கட்டும், அதுல எனக்கு ஒண்ணுமில்ல. இருபத்திரண்டு வருஷமா பஸ்ல ஏறி டிக்கெட் கேக்கிறவன் நான். லீவு நாள்லகூட டிக்கெட் எடுத்துத்தான் போவேன். என் தலைக்கு மேல நீ என்ன எழுதியிருந்த?"

'டிக்கெட் இல்லாத பயணி' என்று எழுதியிருந்தேன்.

ஓசியில் எடுத்தவனைத் தண்டிக்க நான் வைத்த பொறியில் இருந்தது நான் ஓசியில் எடுத்த குரல். அதுவும் போதாதென்று, வாழ்நாளில் ஒரு நிறுத்தம்கூடச் சும்மா போகாத மனுஷரைத் திருட்டு ரயில் ஏறியவர் மாதிரி ஆக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை அப்படியே, மழுப்பாமல் சொன்னேன்.

அவர் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே, 'பயணி டிக்கெட் எடுத்தே ஏறுவார்' என்று தன் கையால் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு அக்காவிடம், கண்ணாடியைப் பார்த்து வண்டியை எடு என்றார். அக்கா எடுத்தாள். இப்பத் திரும்பு என்றார். திரும்பினாள்.

புதுப் பதிப்பு சனிக்கிழமை வெளிவந்தது. பூட்டு இல்லை. மூன்றாவது நிறுத்தத்தில் ஒருவர் ஏறி, டிரைவரிடம் டிக்கெட்டை நீட்டிக் காட்டிவிட்டு உட்காருகிறார். அறையை நாங்கள் காலி பண்ணவில்லை. நாற்காலிக்கு மட்டும் சக்கரம் போட்டோம்.

மாமாவுக்கு இலவசப் பிரதி கொடுக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே அதை உள்ளே வைத்துக்கொண்டேன். தன் காசில் வாங்கினார். ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்தார். பிறகு இரண்டு வாரம், ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்லவா, நடைபாதையில் ஏறினார், கம்பத்தில் முட்டினார், பின்னால் அவருடைய குரலே அவரை விடாமல் வாட்டியது. அந்த 'பரவால்ல' மட்டும் வரவே இல்லை.

ஒரு சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டார்.

"என்னதான் ஓட்டினாலும் இந்த ஆளுக்குத் திருப்தியே ஆகாது போலிருக்கே."

வரைந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

"பதினோரு வருஷம் ஓட்டிப் பாருங்க," என்றாள்.