கூரைப் பாடு

"அந்த ஓடு மேல கை வெக்காத!"

"வெச்சா இன்னா பண்ணுவ?"

"கைய ஒடிப்பேன்! கூரை எங்க பாடு. சுவரோட உங்க வேல முடிஞ்சுது, ஊட்டுக்குப் போய்க்கினே இரு!"

ஆதிகேசவன் தொண்டையைத் திறந்தால் பழவேற்காடு ஏரியில் நிற்கிற கொக்கெல்லாம் ஒருமுறை எழும்பி உட்காரும். அன்றைக்கும் எழும்பின. ஈச்சங்குப்பத்துப் பெண்கள் அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சண்டையைத் தீர்க்க இல்லை. ஆரம்பத்தைத் தவறவிட்டோமே என்ற கவலையில்.

பூவராகவன் கையிலெடுத்த சீமை ஓட்டைத் திரும்ப அடுக்கின் மேலேயே வைத்தான். அவன் கண் எதிராளி மேல் இல்லை. நாலு சுவருக்கு மேலே தெரிந்த வானத்தில் இருந்தது. புரட்டாசி பிறந்து பத்து நாள். தாய்சேய் விடுதிக்காக மண் சாந்து வைத்து எழுப்பின சுவர். ஐப்பசி மழை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பெய்தால் கரைந்து ஏரிக்கே போய்விடும்.

சுவர் போனால் நர்ஸ் வரமாட்டாள். நர்ஸ் வராவிட்டால் கார்த்திகையில் அவன் மனைவி பூவம்மாளைப் பிரசவத்துக்குப் படகில் ஏற்றவேண்டும். போன வருஷமும் ஏற்றினார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாதி ஏரியிலேயே குழந்தை பிறந்து, கரை சேருமுன் அடங்கிவிட்டது. அந்தப் படகை மறுமாதமே விற்றான். கேட்டவர்களிடம் பலகை உளுத்துப்போச்சு என்றான். பலகைக்கு ஒன்றுமில்லை என்று வாங்கினவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எல்லாம் ஓவர்சியர் ராஜமாணிக்கம் போட்ட திட்டத்தில் வந்த வினை. அறுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அளவு நாடாவோடு படகில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் மூன்று பேனா, எழுதுவது ஒன்று. குப்பத்துக்குத் தாய்சேய் விடுதி சாங்ஷன் ஆகியிருக்கிறது, சாமான் சர்க்காருடையது, ஆள் வேலை ஊருடையது என்றார். ஒரு காகிதத்தில் ஐந்து கட்டம் எழுதினார்: கடைக்கால், வாசக்கால், சுவர், கூரை, பூச்சு.

"ஒண்ணு முடிஞ்சு நான் அளந்து கையெழுத்து போட்டாத்தான் அடுத்தது. கூரை ஏறிட்டா நர்ஸுக்கு ஆர்டர் வாங்கிடுவேன். ஐப்பசிக்குள்ள ஏறலன்னா அந்தம்மாவ வேற ஊருக்குப் போட்ருவாங்க."

ஐந்து கட்டம். குப்பத்திலோ ஐந்து வகையறா. இதற்கு மேல் கங்கையம்மன் வேறு வாயைத் திறந்து சொல்லவேண்டுமா? ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை அவர்கள் சீட்டுப் போட்டுத்தான் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. ஒருவர் பாடு நடக்கும்போது இன்னொருவர் அங்கே காலைக்கூட நனைக்கக் கூடாது. அதே மாதிரி கட்டடத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். ஓவர்சியர் அதைக் கேட்டு, "ரொம்ப ஒழுங்கு" என்று சந்தோஷப்பட்டார். பாவம், வெளியூர்க்காரர்.

கடைக்கால் விழுந்தது துலுக்காணம் வகையறாவுக்கு. மூன்றடி கேட்டால், வலைக்குச்சி நடுகிற கை நிற்குமா, தண்ணீர் ஊறும்வரை தோண்டினார்கள். ராஜவேலு வகையறா வாசக்காலை ஏரியைப் பார்க்க நட்டுவிட்டது. ஓவர்சியர் பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சுவர் பூவராகவன் வகையறா. நூல் பிடித்தாற்போல் வந்தது. அளந்து பார்த்த ஓவர்சியர் அவன் முதுகில் தட்டினார். அந்தப் பூரிப்பில்தான் பூவராகவன் தப்புச் செய்தான். பாடு முடித்தவன் முதல் வெற்றிலையை அடுத்த பாட்டுக்காரனுக்கு நீட்டவேண்டும். இவன் ஓவர்சியருக்கு நீட்டினான்.

அடுத்த பாட்டுக்காரன் ஆதிகேசவன். அன்றிலிருந்து எளாவூரில் லாரியிலிருந்து இறக்கிப் படகில் கொண்டுவந்த ஓடும், ஆரணி தச்சர் இழைத்து வைத்த மரமும் அப்படியே கிடந்தன. அவனும் தொடமாட்டான், தொட்டவனையும் விடமாட்டான். மற்ற மூன்று வகையறாவும் அவன் பக்கம்தான். நர்ஸ் வரவேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் இன்றைக்குக் கூரையில் விட்டால் நாளைக்கு ஏரியில் எவன் பாட்டை எவன் மதிப்பான்?

சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த பூவராகவன் சோற்றைத் தொடவில்லை. பூவம்மாள் தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள். 

"அமாவாசைப் பாட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றான்.

முகத்துவாரத்தில் அமாவாசைப் பாடு என்றால் இறால் வலையைக் கிழிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வகையறாவுக்கு வாய்ப்பது. தம்பிகள் குதித்தார்கள்.

"இன்னா அண்ணே, அவன் மொறச்சான்னு நாம இறால விட்றதா? ஊரே சிரிக்கும்!"

அம்மா கங்கம்மா அரிவாள்மனையை ஓரமாக வைத்தாள். "போன வருசம் அந்தப் படகுல உக்காந்துகினு இருந்தது நானு. நீங்க யாரும் இல்ல. வாயத் தொறந்தீங்க, மீனு மாரி செதிலெடுத்துடுவேன்."

தம்பிகளுக்குத் திடீரென்று வெளியில் வேலை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அம்மன் கோயில் வாசலில், ஊரே பார்க்க, பூவராகவன் வெற்றிலையை நீட்டினான்.

"இன்னா மச்சான், ஓவர்சியருக்குப் போக மிச்சமா?" என்றான் ஆதிகேசவன்.

"தப்பு என்னுதுதான். மொத வெத்தல உனக்கு வந்திருக்கணும். பாடு மாத்திக்க வந்துகிறேன். கூரைய எனக்குக் குடு, அமாவாசைய நீ எடுத்துக்க."

பாடு மாற்றிக்கொள்வது அந்த ஊரில் புதிதில்லை. இறாலைக் கொடுத்து ஓட்டை வாங்குகிறவன்தான் புதிது.  ஆதிகேசவன் வெற்றிலையை வாங்கி, மெல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டான்.

அன்றே மரம் ஏறியது. அமாவாசைக்கு ஆதிகேசவனுக்குப் பதினோரு கூடை இறால். இதை அவன் சொல்லவில்லை. அவன் மனைவி கன்னியம்மா சொல்லாத வீடில்லை.

இறாலை விற்றுவிட்டு வந்தவன் கட்டடத்தின் எதிரே வந்து குந்தினான். "அந்த ஓடு கோணல் மச்சான்." "ரீப்பர் சட்டத்துக்கு ஆணி பத்தாது." "அய்ய, அதுவா தச்சு வேலை?" கை நமநமவென்று அரித்தது. ஆனால் இப்போது அது அவன் பாடு இல்லையே! சட்டம் பேசினவன் தன் வாயாலேயே கட்டுண்டு கிடந்தான். இரண்டு நாள் ஊருக்கு இதைவிட நல்ல வேடிக்கை வாய்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. பாதிக் கூரை திறந்து கிடந்தது. மேலே நின்ற பூவராகவன் கையில் ஓடு, கீழே மூன்று தம்பிகள், போதாது.

"மச்சான்! கூலிக்கு வர்றியா?"

கூலியாளுக்குப் பாடு கிடையாது. யாருடைய வலையையும் இழுக்கலாம். ஆதிகேசவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"கூலி இன்னா குடுப்ப?"

"நாளைக்கு நாஷ்டா."

"உன் அம்மா சுட்ட ஆப்பம்னா வர்றேன். உன் தம்பிங்க சுட்டா வேணாம்."

அவன் ஏறினதும் அவன் வகையறா ஏறியது. துலுக்காணம், ராஜவேலு வகையறாக்களும் கூலிக்கு வந்தார்கள். ஓடு கைமாறிக் கைமாறி மேலே போயிற்று. சுண்ணாம்புச் சாந்தில் கடைசி முகட்டு ஓடு உட்காரும்போது மழையின் முதல் தூற்றல் ஆதிகேசவன் மூக்கில் விழுந்தது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்த பூவம்மாள் மேல் ஒரு சொட்டு விழவில்லை.  பூவராகவன் ஆதிகேசவனின் சுண்ணாம்புக் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சீ, விடு. பேஜாரு பண்ணாத" என்றான் ஆதிகேசவன். அவன் கண்ணும் சுண்ணாம்பு பட்டாற்போல்தான் இருந்தது.

ஓவர்சியர் அளந்து கையெழுத்துப் போட்டார். ஐப்பசி கடைசியில் நர்ஸ் குணசுந்தரி பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினாள். கார்த்திகையில் பூசாத சுவருக்குள் பூவம்மாளுக்குப் பெண் குழந்தை; அழுகை ஏரிக்கரைவரை கேட்டதாம். கன்னியம்மா ஒரு கூடை இறாலைக் கொண்டுபோய்ப் பூவம்மாள் வீட்டில் வைத்தாள். அதையும் ஊரெல்லாம் சொன்னாள். பூச்சுக் கட்டம் குப்பாயி வகையறாவுடையது. அது தையில்தான் முடிந்தது. யாரும் சண்டை போடவில்லை. பூசத் தெரிந்தவர்கள் எல்லாம் கூலிக்குப் போனார்கள்.

ஓவர்சியரையும் நர்ஸையும் வைத்து ஊர் மூன்று வருஷம் கல்யாணக் கணக்குப் போட்டது. எல்லாம் தப்பு. அவர் திருவள்ளூருக்கு மாற்றலாகி, திருப்பாச்சூரில் அத்தை மகளையே கட்டிக்கொண்டார். குணசுந்தரியைக் கட்டினவர் எளாவூர் செக்போஸ்டில் லாரிக்குச் சீட்டுக் கிழிக்கிற குமாஸ்தா ஆதிநாராயணன். அவளை ஆரணிக்குக் கூட்டிப்போனார். ஆதிகேசவன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபோது ஷெட்டுக்குக் கூரை போடுகிற மேஸ்திரியாகக் குடும்பத்தோடு குடிபோனான். அவனைப் படகில் கொண்டுபோய் விட்டு, சாமானைத் தலையில் சுமந்து பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினவன் பூவராகவன்.