மலை ஏறும் கப்பல்

கப்பல் மலை ஏறப்போகிறது என்று சுஹைல் வாய்ஸ் அனுப்பியதிலிருந்து றஹீமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கப்பல் குசினியில் சமையல் வேலை என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் அவன். பனாமா கால்வாயில் கதவு வைத்த பெரிய பெரிய தொட்டிகள் இருக்கின்றனவாம். கப்பலை உள்ளே விட்டுப் பூட்டி, மேலே அணை கட்டித் தேக்கிய ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கப்பல் தானாக உயருமாம்.

"தண்ணி கப்பலத் தூக்குமா? மச்சான் கொழும்புல ஏதோ ஹோட்டல்ல கோப்பை கழுவுறாரு," என்றார் அவளுடைய அண்ணன் மர்சூக் நானா.

அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. சவூதி விசா வந்துவிட்டதென்று தெருவுக்கே இனிப்புத் தொதல் கிண்டிக் கொடுத்துவிட்டு, விசாவே இல்லாமல் கொழும்பில் ஒளிந்திருந்தவன்தானே சுஹைல்! இந்த முறையும் புளுகென்றால் இனி அவனோடு எப்படி வாழ்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய ஊரான உக்குவளையில் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி பவர் ஹவுஸுக்குள் விழுவதைத்தான் அவள் கண்டிருக்கிறாள். அது எதையும் மேலே தூக்கிக் கண்டதில்லை. பார்த்துவிடுவோமே என்று உடுப்புக் கழுவும் சிமெந்துத் தொட்டியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, துவாரத்தில் துணியை அடைத்து, பைப்பைத் திறந்தாள். சிரட்டை சமர்த்தாக விளிம்புவரை ஏறி வந்தது. நம்பமுடியாமல் இன்னொரு தரமும் செய்து பார்த்தாள்.

தொட்டி உண்மைதான். சுஹைல் உண்மையா என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மஃரிப் தொழுததும், கால்வாயை யாரும் நேரடியாகப் பார்க்கலாம் என்று அவன் அனுப்பியிருந்த கேமரா லிங்கை போனில் திறந்தாள். அங்கே காலை வெயில். "மேல வந்ததும் சட்டி மூடியத் தூக்கிக் காட்டுறேன்," என்று சொல்லியிருந்தான். கப்பல் தொட்டிக்குள் வந்தது. சுவருக்கு மேலே கொடிக்கம்பமும் புகைபோக்கியும் மட்டும் தெரிந்தன. கதவு மூடியது.

"ஆளக் காணோமே," என்றார் நானா.

"பொறுங்க நானா. தண்ணி இப்பதான் வருது."

கப்பல் மெல்ல உயர்ந்தது. கம்பித் தடுப்பு தெரிந்தது, பிறகு தலைகள், பிறகு வெள்ளை ஏப்ரன் கட்டி, மூடியைத் தூக்கிப் பிடித்த ஓர் ஆள். முகம் தெளிவில்லை.

"மூடிய யாரு வேணும்னாலும் தூக்கலாம்." நானா விடுவதாயில்லை.

அந்த ஆள் மூடியை இறக்கினான். வலது குதிகாலால் இடது கணுக்காலைப் பரபரவென்று சொறிந்தான். கல்யாணப் படத்தில்கூட அப்படி ஒற்றைக் காலில் நிற்பவன் சுஹைல்.

றஹீமாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வாய்ஸ் பட்டனை அமுக்கினாள்.

"இஞ்ச பாருங்க, உலகமே பாக்குது. காலச் சொறியாம நில்லுங்க!"