ஏழாவது வாரத்துச் சுயுஞ்சு

நாரின் என்ற மலையூரில் நல்ல சேதியை முதலில் ஓடிப்போய்ச் சொன்னவருக்குப் பரிசு உண்டு. "சுயுஞ்சு!" என்று கத்திக் கையை நீட்டினால் கொடுத்தே ஆகவேண்டும். பெர்மெத்தின் மாமியார் கனிஷாய் இதில் பழம் தின்று கொட்டை போட்டவள். அவளுடைய தலைத்துணிகளில் பாதியும் கொல்லையில் நிற்கும் மூன்று ஆடுகளும் அடுத்தவர் வீட்டு நல்ல சேதியில் வந்தவைதான்.

"தெருவுல உனக்குப் பித்தப்பைக் கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். கண்ணு பட்டுடும். மூஞ்சியக் கொஞ்சம் சுளிச்சுக்கிட்டே நட" என்று சொல்லித்தான் மருமகளை ஸ்கேன் எடுக்க அழைத்து வந்தாள்.

பெர்மெத்துக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு முறை ஏழாவது வாரத்தில் கரு கலைந்திருந்தது. கருப்பைச் சுவரில் புது ரத்தக் குழாய்கள் சரியாகக் கிளைக்கவில்லை, கருவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று அப்போது டாக்டர் அசில்கான் சொல்லியிருந்தாள். மலை மேய்ச்சலில் இருந்த கணவன் ஜோல்தோஷுக்கு இரண்டு முறையும் அவளேதான் அதைச் சொன்னாள். இன்று மறுபடியும் ஏழாவது வாரம்.

திரையில் சிவப்பும் நீலமும் மினுங்கின.

"அட, இங்க பாரு! போன தடவை அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருந்துச்சு. இப்போ சுவர் முழுக்கக் குழாய் கிளைச்சிருக்கு. ரத்தம் நல்லாப் பாயுது" என்றாள் டாக்டர்.

அவ்வளவுதான், கனிஷாய் கைப்பேசியும் கையுமாகக் கதவுக்குப் பாய்ந்தாள்.

"ஏம்மா, நில்லுங்க! இன்னும் துடிப்பே பாக்கல!"

அதற்குள் மகன் எடுத்துவிட்டான். "என்னம்மா?"

கனிஷாய் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். "அது வந்து... பசுவுக்குத் தண்ணி காட்டினியாடா?"

"பசு அங்க உன்கிட்டதானேம்மா இருக்கு!"

"இருந்தா என்ன? கேக்கக்கூடாதா?"

டாக்டர் கருவியை மெல்ல நகர்த்தினாள். பயறளவு புள்ளி ஒன்று தெரிந்தது. அதற்குள் ஏதோ படபடவென்று துடித்தது.

"இதோ! துடிக்குது!"

கனிஷாய் வாயைத் திறந்தாள். இதுவும் போச்சு, அத்தை முந்திக்கொண்டார் என்று பெர்மெத் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கைப்பேசி பெர்மெத்தின் காதில் வந்து ஒட்டியது.

"ரெண்டு தடவையும் கெட்ட சேதிய உன்னையே சொல்ல விட்டுட்டு, நான் கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்" என்றாள் கனிஷாய், எங்கோ பார்த்துக்கொண்டு. "இதையும் நீயே சொல்லு."

"சுயுஞ்சு" என்றாள் பெர்மெத். மேலே பேச முடியாமல் அழுதாள்.

மறுமுனையில் ஜோல்தோஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேளு, பெர்மெத். என்ன வேணும்னாலும் கேளு" என்றான்.

"குதிரை கேளு! கிழட்டுக் குதிரைக்கு ஒத்துக்காத!" என்று கிசுகிசுத்தாள் மாமியார்.

"நீ கீழ இறங்கி வா. அது போதும்" என்றாள் பெர்மெத்.

கனிஷாய் தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தாளே! எப்படியும் அவன் வரத்தானே போறான்!"